டேபிள் அக்காவின் ஒரே பிரசவம்

அவள் நாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் பெற்றவள். அதில் ஒன்றுதான் சதையும் ரத்தமுமாய் வளர்ந்து பள்ளிக்கூடம் போனது. மற்றதெல்லாம் ரப்பர்.

வருகைப் பதிவேட்டில் அவள் செய்முறை அறை உதவியாளர். செவிலியர் பயிற்சிப் பள்ளியில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பிரசவ டேபிளில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தொடைகளுக்கு நடுவே ரப்பர் இடுப்பைப் பொருத்திக்கொண்டு, உள்ளேயிருந்து ரப்பர் பிள்ளையை ஒரு கையால் தள்ளித் தள்ளி, வலியோடு பெற்றுக் கொடுப்பது அவள் வேலை. எதிரே கையுறை போட்ட மாணவி நிற்பாள். ஒவ்வொரு மாணவியும் ஐந்து பிரசவம் பார்த்தாக வேண்டும். வருஷத்துக்கு நாற்பது மாணவிகள். இருபத்தொரு வருஷம். டேபிள் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சேர்ந்தது தரை துடைக்க. செய்முறை அறை மாடியில், தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. மூன்று இரும்புக் கட்டில்கள், ஒரு பிரசவ டேபிள், ஊசிகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, ஐந்து நிமிஷம் முந்தி ஓடும் கடிகாரம். ஜன்னலுக்கு வெளியே சலவைக்கூடத்தின் முற்றம். ஈரப் போர்வைகள் கொடியில் அடித்துக்கொள்ளும். ரப்பர் பொம்மைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பவுடர் போட்டு வைத்திருப்பார்கள். அந்த அறைக்குள் நுழைந்தாலே பவுடரும் டெட்டாலும் கலந்த வாசனை. பிற்பாடு எந்தக் கைக்குழந்தையைத் தூக்கினாலும் அவளுக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும்.

அதுவரை ரப்பர் இடுப்பை டேபிளில் திருகாணி போட்டு முடுக்கி வைத்துத்தான் பாடம் நடந்தது. பொம்மை வலிக்கிறது என்று சொல்லாது. ஒருநாள் ஒல்லியான ஒரு மாணவி பிள்ளையின் தலையைப் பிடித்து, ஒரு காலை டேபிள்மேல் முட்டுக்கொடுத்து இழுத்தாள். பாடம் நடத்திய டியூட்டர் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது பொம்பளைடி! சோடா பாட்டில் இல்லை, கார்க்கைப் பிடுங்கறதுக்கு!"

வகுப்பே சிரித்தது. டியூட்டர் அம்மா சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். மூலையில் துடைப்பத்தோடு இவள் நின்றிருந்தாள்.

"உனக்குப் பிள்ளை இருக்கா?"

"ஒண்ணு இருக்கு மேடம். ஏழு வயசு."

"சுகப்பிரசவமா?"

"ஆமா மேடம்."

"கையைக் கழுவிட்டு வா. ஏறிப் படு."

அன்று சாயங்காலம் டியூட்டர் அம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்தார். நீளமான ஒரு நோட்டைத் திறந்தார்.

"உனக்கு எப்படி இருந்தது, சொல்லு. முக்கற நேரத்தைச் சொல்லு. ஒண்ணு விடாம."

அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். அதற்குமுன் யாரும் அதைக் கேட்டதில்லை. பிள்ளை பெற்றுவந்தபோது ஆணா பெண்ணா என்று கேட்டார்கள், எடை கேட்டார்கள், யார் ஜாடை என்று கேட்டார்கள். அந்த டேபிளில் அவளுக்கு என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டீ ஆறிப்போனது. டியூட்டர் அம்மா எழுதிக்கொண்டே இருந்தார்.

மூன்று நாள் கழித்து, அவள் சொன்னதையெல்லாம் நான்கு பாகமாகப் பிரித்துச் சுத்தமாக எழுதிக் கொடுத்தார். "மனப்பாடம் பண்ணிக்க. இந்த வரிசையிலதான் வரணும். பரீட்சையில இப்படித்தான் கேப்பாங்க."

முதல் பாகம், இறக்கம். அதுவரை இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது மாதிரி இருந்த வலி நழுவி, முதுகின் அடியில் வந்து உட்காரும். ஆசனவாயை உள்ளேயிருந்து ஒரு கல் அழுத்தும். மலம் வருகிறது என்றே தோன்றும். யார் என்ன சொன்னாலும் மண்டையில் ஏறாது. இந்த இடத்தில் டேபிள் அக்கா பரிதாபமாகக் கேட்பாள்: "சிஸ்டர், பாத்ரூம் போகணும் சிஸ்டர்." புதுப் பெண்கள் இரக்கப்பட்டு, "போயிட்டு வாங்கக்கா" என்றுவிடுவார்கள். அவள் ரப்பர் இடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, அன்னநடை போட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து குரல் வரும்: "பிள்ளை பிறந்தாச்சு சிஸ்டர். வாளிக்குள்ள கிடக்கு."

ஒருமுறை அப்படி ஏமாந்தவள் ஆயுசுக்கும் ஏமாற மாட்டாள்.

இரண்டாம் பாகம், முக்கல். வாந்தி வரும்போது நாம் முயற்சி செய்வதில்லை. உடம்பு குலுங்கி அதுவாக எடுக்கிறது. அதேபோலத்தான், ஆனால் கீழ்நோக்கி. மூச்சு தொண்டையில் பூட்டிக்கொள்ளும். அதுவரை கத்திக்கொண்டிருந்தவள் கத்த மாட்டாள், உறுமுவாள். கழுத்து நரம்பு புடைக்கும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். காது அடைத்து, பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவது கிணற்றுக்கு வெளியிலிருந்து பேசுவது போலக் கேட்கும்.

மூன்றாம் பாகத்துக்கு மாணவிகள் வைத்த பெயர் நெருப்பு வளையம். "வாயோட ரெண்டு ஓரத்தையும் விரலை விட்டு இழுங்க. இன்னும். இன்னும். எரியுதா? அது பத்து மடங்கு" என்பாள். நாற்பது பெண்கள் வாயை இழுத்தபடி, பல்லும் ஈறுமாக, தவளைக் கூட்டம் மாதிரி நிற்பார்கள். ஒருத்தி மற்றவளைப் பார்த்துவிட்டால் போயிற்று. சிரித்துச் சிரித்து டியூட்டர் அம்மாவின் பிரம்பு மேசையில் விழும்வரை அடங்காது.

நான்காம் பாகம், வழுக்கல். தலை வந்ததும் எரிச்சல் சட்டென்று நின்றுவிடும். உள்ளே ஒரு தோள் திரும்புவது தெரியும். அப்புறம் குளிக்கும்போது ஈரக் கையிலிருந்து சோப்பு நழுவுகிற மாதிரி மொத்தமும் போய்விடும். வெதுவெதுப்பாகத் தண்ணீர் தொடையை நனைக்கும். வயிறு, சாமானெல்லாம் லாரியில் ஏற்றிவிட்ட காலி வீடு மாதிரி ஆகிவிடும். பிறகு குளிர் இல்லாமலே நடுக்கம். பல் கிட்டித்து, தாடை தந்தியடிக்கும்.

அவள் நடிக்கிறாள் என்பதே முதல் வருஷத்தோடு மறந்துபோனது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் இரண்டாம் பாகத்தில் பயந்துபோய், உடனே டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். அந்த உறுமலைச் செய்துபார்க்க வேண்டியிருந்ததால் ஆரம்பத்தில் வீட்டில்கூடப் பழகினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பாள். மேல்வீட்டுக்காரி இறங்கிவந்து கதவைத் தட்டினாள்.

"என்ன சத்தம்? உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. பிள்ளை பெத்துட்டிருக்கேன்."

"ஓ, சரி சரி. நான் என்னவோன்னு பயந்துட்டேன்."

பள்ளியில் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டதற்கு மகள் எழுந்து நின்று, "எங்கம்மா தினமும் நாலஞ்சு பிள்ளை பெத்துப்பாங்க டீச்சர்" என்றாள். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், மை பூசிய கையோடு போய் நின்று, எல்லாப் பிள்ளையும் சாயங்காலம் அலமாரிக்குள் போய்விடும் என்று விளக்கினார். டீச்சர் இன்னும் குழம்பினாள்.

நல்ல வருஷங்கள் அவை. அவளே பின்னால் நினைத்துப் பார்த்து அப்படிச் சொல்லிக்கொண்டாள். காலை ஒன்பதரைக்கு ஏறிப் படுத்தால் விட்டத்தில் ஈரம் படிந்த ஒரு திட்டு தெரியும், குதிரைத் தலை மாதிரி. மழைக்காலத்தில் அதற்குக் காது வளரும். நாற்பது பெண்களின் செருப்புகள் வாசலில் குவிந்திருக்கும். இடைவேளையில் அவளைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியும் டீயுமாகச் சாப்பிட்டபடி, வீட்டில் கேட்க முடியாததையெல்லாம் கேட்பார்கள். அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

போன வருஷம் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி, வேலையை விட்டாள். "இத்தனை பெத்தா தேயாம என்ன செய்யும்" என்றார் கணவர்.

மகள் இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கட்டட வரைபடம் வரைகிறவள். கோடு கால் அங்குலம் தவறினால் தூக்கம் வராது. முதல் பிள்ளை, ஏழாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டுத் தரையில் கால் நீட்டி, வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, முக்கும்போது எப்படிம்மா இருக்கும்?"

அவளுக்குச் சந்தோஷம். இதற்காகத்தானே இருபத்தொரு வருஷம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல வலி இடம் மாறும். கயிறு கட்டி இறுக்கின மாதிரி இருந்தது நழுவி..."

"முதுகு அடியில வந்து உட்காரும்" என்று மகள் முடித்தாள். "கல்லு அழுத்தும். பாத்ரூம் போகணும் சிஸ்டர். வாந்தி வர்ற மாதிரி, ஆனா கீழ. வாயை இழுத்துப் பாரு. சோப்பு. காலி வீடு. தாடை தந்தியடிக்கும். அம்மா, இதைக் கேட்டுக்கிட்டேதான் நான் வாய்ப்பாடு படிச்சேன். பதினாறாம் வாய்ப்பாடு சொன்னா எனக்கு இன்னும் நடுவுல உறுமல் கேக்கும்."

"அப்புறம் என்னடி கேக்கறே?"

"இது டியூட்டர் அம்மா எழுதினது. நான் பிறந்தது எப்படி இருந்ததுன்னு கேக்கறேன். உனக்கு. அன்னைக்கு."

"அதுவும் இதேதான்."

"இதேதானா? எல்லாருக்கும் ஒண்ணா? எனக்குன்னு ஒண்ணுமே இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். கல் வந்தது. கல்லோடு, பரீட்சையில் பாத்ரூம் போகவிட்டு அழுத ஒரு பெண்ணின் முகம் வந்தது. நெருப்பு வளையத்தை நினைத்தாள். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி ஒருத்தி வாயை இழுத்துக்கொண்டு நின்றாள். சோப்பு வந்தது, கடிகாரமும் குதிரைத் தலையும் வந்தன. அந்தச் சோப்பு அவள் சொன்னதா, டியூட்டர் அம்மா போட்டதா என்றே தெரியவில்லை.

"உனக்கு ஞாபகமே இல்லையா?" என்றாள் மகள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கும்மா. அதான் கேட்டேன்."

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. மகளுக்கு வலி வருவதற்குள் அந்த ஒரு நாளைக் கண்டுபிடித்தாக வேண்டும். நாலாயிரம் பேருக்கு எடுத்துக் கொடுத்ததில் பெற்ற மகளுக்கு ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை என்பது அவளை அரித்தது. பாத்திரம் தேய்க்கும்போது கையை நிறுத்திவிட்டு யோசிப்பாள். கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுத்துப் பார்ப்பாள். உடம்பு உடனே பாடம் நடத்தத் தொடங்கிவிடும்.

கணவரிடம் கேட்டாள். அவர் அன்றைக்கு வார்டு வாசலில் நின்றவர்.

"எப்படி மறக்கும்?" என்றார் அவர். "புதுச் செருப்பு. அதோட உள்ள விடமாட்டேன்னு வாச்மேன் வெளியில கழட்டச் சொன்னான். திரும்பி வந்து பாத்தா காணோம். தார் ரோட்டுல மத்தியான வெயில்ல வீடுவரைக்கும் வெறுங்காலோட நடந்தேன். ரெண்டு பாதமும் கொப்புளம். அன்னைக்கு எனக்கும் வலிதான்."

"நான் கத்தினது கேட்டுதா?"

"யாரோ கத்தினாங்க. நீயான்னு எப்படித் தெரியும்? உள்ள அஞ்சாறு பேர் இருந்தீங்க." பிறகு யோசித்துச் சொன்னார்: "பழுப்பு வாரு. ஒன்பதாம் நம்பர்."

டியூட்டர் அம்மாவின் வீட்டுக்குப் போனாள். ஓய்வுபெற்று, மகன் வீட்டின் முன்னறையில், முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கண் மலர்ந்தது.

"வா வா. டேபிளை விட்டு இறங்கி நடக்கறதைப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"மேடம், அன்னைக்கு நான் சொன்னதை ஒரு நோட்டுல எழுதினீங்களே. அது இருக்கா?"

"அதைப் பாடமா எழுதிக் குடுத்துட்டேனே."

"பாடம் இல்லை மேடம். நான் சொன்னது."

டியூட்டர் அம்மா வெந்நீர்ப் பையை மாற்றி வைத்தார். "நோட்டு கரையான் தின்னு பத்து வருஷம் ஆச்சு. நீ என்னென்னவோ சொன்னே. பாதி பாடத்துல வராது. அதை விட்டுட்டேன்."

"விட்டது என்ன மேடம்?"

"அது எப்படி ஞாபகம் இருக்கும்? தேவையில்லைன்னுதானே விட்டேன்."

"நிறையப் பேசினே" என்றார் டியூட்டர் அம்மா. "அது மட்டும் ஞாபகம் இருக்கு. நடுவுல சிரிச்சே. எதுக்குன்னு தெரியலை."

அவள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். கரையான் தின்றது போகச் சிரிப்பு மட்டும் மிச்சம். அதை வைத்து என்ன செய்வது?

மகளுக்கு ஒரு புதன்கிழமை விடிந்ததும் வலி கண்டது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட ஒருவர் இருக்கலாம் என்றார்கள். மருமகன் தைரியசாலி, ஆனால் ரத்தப் பரிசோதனைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர். "நீ வா" என்றாள் மகள் அம்மாவிடம்.

பிரசவ அறைக்குப் பொறுப்பாக இருந்த பெரிய சிஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டேபிள் அக்கா!"

இவளுக்கும் ஆளை உடனே தெரிந்துவிட்டது. ஒல்லியாக இருந்தவள் பருத்திருந்தாள், காதோரம் நரை. "கார்க் பிடுங்கினவ தானே நீ?"

"அக்கா, சத்தமா சொல்லாதீங்க. இங்க என்கிட்ட எல்லாரும் பயப்படறாங்க."

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் வலி நெருங்கி வரத் தொடங்கியது. மகள் கத்தவில்லை. கண்ணை மூடி, மூக்கால் மூச்சுவிட்டாள். பெரிய சிஸ்டர் இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்குக்கா. அந்தச் சத்தம் வரலையே" என்று போனாள். இந்த ஊரில் பாதிச் செவிலியர் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருப்பார்கள். அது இவளுடைய தொண்டை கற்றுக்கொடுத்த சத்தம்.

மகளின் கை அவள் கைக்குள் இருந்தது. திடீரென்று அந்த விரல்கள் விரிந்தன. பாதத்தின் விரல்கள் மடங்கின. மகள் கண்ணைத் திறந்து, எங்கேயோ பார்த்தபடி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"அம்மா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"சிஸ்டர்!" என்று இவள் போட்ட சத்தத்தில் தாழ்வாரத்தில் ஏதோ தட்டு கீழே விழுந்தது.

எல்லாம் வேகமாக நடந்தது. டேபிளின் கால்பகுதியை இறக்கினார்கள். விளக்கைத் திருப்பினார்கள். பெரிய சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். மகளின் வயிறு கல்லாகி எழும்பியது. சிஸ்டர் தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்ற டேபிள் அக்காவின் முகத்தைப் பார்த்து, முழுக் கவனத்தோடு சொன்னாள்:

"இப்ப முக்குங்கக்கா. நல்லா, கீழ முக்குங்க."

இவளும் தாடையை நெஞ்சில் பதித்து, மூச்சைப் பிடித்து, முக்கினாள். இடுப்பில் சுரீரென்றது.

"நான் இங்க இருக்கேன்!" என்று டேபிளிலிருந்து குரல் வந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சின்ன சிஸ்டர் ஒருத்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அடுத்த வலி வந்துவிட்டதால் யாருக்கும் சிரித்து முடிக்க நேரமில்லை.

மகளுடைய சத்தம் வேறாக இருந்தது. அது உறுமல் இல்லை. கனமான பீரோவைத் தனியாக நகர்த்துகிறவள் போடும் சத்தம், அடியிலிருந்து, நீளமாக. உதடு உலர்ந்து வெடித்திருந்தது. வெள்ளைவிழியில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டாகியிருந்தது. ஈரப் பஞ்சை உதட்டில் வைத்தபோது அதைச் சப்பிவிட்டு, "கீழ பிரிஞ்சு போற மாதிரி இருக்கும்மா, ரெண்டா" என்றாள். அது நான்கு பாகத்தில் எதிலும் இல்லை. இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வலி இறங்கியது. மகளின் பிடி தளர்ந்தது. கை விரலெல்லாம் பிரிந்து தொங்கியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தது. இவளுக்கு உயிரே போய்விட்டது.

"சிஸ்டர், பாருங்க! பிள்ளை மயங்கிட்டா!"

பெரிய சிஸ்டர் நாடியைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "தூங்கறாக்கா. ரெண்டு நிமிஷம் கிடைக்கும், தூங்கட்டும்."

அறை அமைதியாகிவிட்டது. வகுப்பில் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் பிரசவம் முடிய வேண்டும், ஒரு வலி முடிந்த கையோடு டியூட்டர் அம்மா, "இப்போது என்ன பார்க்க வேண்டும்? நாடி எவ்வளவு?" என்று கேள்வி போடுவார், நாற்பது பேரும் ஒரே குரலில் பதில் சொல்லும்போதே அடுத்த வலி வந்தாக வேண்டும். இருபத்தொரு வருஷத்தில் இரண்டு வலிக்கு நடுவே டேபிள் அக்காவுக்கு யாரும் இடம் விட்டதில்லை.

மகள் குறட்டை விட்டாள். மெல்லிய, நாய்க்குட்டிக் குறட்டை.

இவள் குனிந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குளிர்ந்தது. மகளின் கன்னத்தில் அல்ல, இவளுடைய கன்னத்தில். அன்றைக்கு இவள் படுத்திருந்த டேபிளின் ஓரக் கம்பி, பச்சைப் பெயின்ட், ஒரு இடத்தில் உரிந்து துரு தெரிந்தது. அந்தக் கம்பியில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்றிருந்தது. ஒவ்வொரு வலி முடிந்ததும் அந்த இடத்தைத் தேடிக் கன்னத்தை வைத்துக்கொண்டாள். வைத்ததும் தூக்கம். கனவு. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள், கையில் கனமான பை. பஸ் வரவில்லை. வராதது எவ்வளவு நன்றாக இருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெரியவர், "இன்னைக்கு வராதும்மா, நீ உக்காரு" என்றார். சரி என்று உட்காரப் போகும்போது தூரத்தில் ஹார்ன் கேட்டது. வலி. மறுபடி கம்பி, மறுபடி அதே ஸ்டாப், அதே பெரியவர். "சொன்னேன்ல, அது வேற பஸ்." நான்கு தடவையோ ஐந்து தடவையோ. கடைசித் தடவை அவள் கனவிலேயே சிரித்துவிட்டாள், இந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று. சிரிப்போடு விழித்தபோதுதான் தலை வந்தது.

இருபத்தொன்பது வருஷம். அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மகள் கண்ணைத் திறந்தாள். "வருது" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று வலி. தலைமுடி தெரிந்தது, போனது, தெரிந்தது. "முக்காதேம்மா, ஊது, வாயால ஊது" என்றாள் பெரிய சிஸ்டர், இந்தத் தடவை சரியான ஆளைப் பார்த்து. மகள் ஊதினாள், அவளுடைய நகம் அம்மாவின் மணிக்கட்டில் பதிந்து நான்கு பிறை உண்டாக்கியது. தலை வந்தது. முகம் கீழ்ப்பக்கமாக இருந்தது, பிறகு தானாகவே தொடைப்பக்கம் திரும்பியது. பெரிய சிஸ்டரின் கைகள் இழுக்கவே இல்லை. காத்திருந்தன, வந்ததை ஏந்திக்கொண்டன. பெண். மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. அழுவதற்கு முன் ஒருமுறை தும்மியது.

மாலை நான்கு மணி இருக்கும். வார்டில் கடைசிக் கட்டில். குழந்தை மகளின் மார்பில் ஒட்டிக்கொண்டு தூங்கியது. மருமகன் வந்து பார்த்து, அழுது, பழம் வாங்கப் போயிருந்தார். மகளின் நடுக்கம் இப்போதுதான் நின்றிருந்தது. இவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"நீ பிறக்கும்போது நான் தூங்கினேன்" என்றாள்.

"என்னது?"

"வலிக்கு நடுவுல. கம்பியில கன்னத்தை வச்சுக்கிட்டு. பச்சைக் கம்பி. ஜில்லுன்னு இருந்தது. கனவு வேற."

மகள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். இவள் பஸ் ஸ்டாப்பைச் சொன்னாள், பையைச் சொன்னாள், பெரியவரைச் சொன்னாள். இதுவரை சொல்லிப் பழகாததால் முன்னும் பின்னுமாக வந்தது. இரண்டு தடவை நிறுத்தித் திருத்திக்கொண்டாள். மகள் குறுக்கே ஒரு வார்த்தைகூட முடித்துக் கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாது, அடுத்து என்ன வரும் என்று.

"சிரிச்சுக்கிட்டேவா பெத்தே என்னை?"

"சிரிச்சு முடிக்கறதுக்குள்ள நீ வந்துட்டே."

மகள் குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"நானும் தூங்கினேனா?"

"தூங்கினே. குறட்டை விட்டே."

"பொய்."

"சிஸ்டரைக் கேளு."

"தூங்கினேன்னுதான் நினைக்கறேன்" என்றாள் மகள். "எனக்கும் ஒண்ணு வந்துது."

"என்ன கனவு?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்டி?"

"நீ போய் நாப்பது பேருக்குச் சொல்லிடுவே."

இவளுக்கு அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரிக்கத் தொடங்கி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதேம்மா, தையல் இழுக்குது." பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். குழந்தை எதையும் கவனிக்காமல் தூங்கியது.